திருவள்ளூர் டூ துரைப்பாக்கம்: தினமும் அஞ்சு மணி நேரம் வழியிலேயே போகுது, நீங்கல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

மணவாளநகர்_வாசி (திங்கள், இரவு 10.50)

எல்லாருக்கும் வணக்கம். வீடு திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல மணவாளநகர். மார்ச் வரைக்கும் அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. யூனிட் (லோக்கல் மின்சார ரயில்) ஏறினா முக்கால் மணி நேரத்துக்குள்ள இறங்கிடுவேன். ஏப்ரல்ல வேலை மாறினேன். சம்பளம் நல்லா ஏறிச்சு, ஆனா ஆபீஸ் துரைப்பாக்கம்.

மூணு மாசமா பைக்லதான் போறேன். வெள்ளவேடு, திருமழிசை, பூந்தமல்லி, போரூர், கிண்டி, வேளச்சேரி, தரமணி. ஒரு பக்கம் அம்பது கிலோமீட்டருக்கு மேல. காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா எட்டேகாலுக்குப் போய்ச் சேரலாம். சாயந்திரம்தான் கொடுமை. ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) மெட்ரோ வேலை நடக்குறதால தரமணி தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகுது. ஆறரைக்குக் கிளம்பினா வீட்டுக்கு வர ஒன்பதரை.

போன வாரம் வரும்போது திருமழிசை தாண்டி ஒரு நொடி கண்ணு மூடிடுச்சு. பின்னாடி வந்த லாரிக்காரர் ஹாரன் அடிச்சதுலதான் முழிச்சேன். வண்டியை ஓரம் கட்டிட்டுப் பத்து நிமிஷம் அப்படியே நின்னேன். கை நடுக்கம் நிக்கல. வீட்டுல இன்னும் சொல்லல.

பொண்ணு எல்கேஜி படிக்கிறா. "வீட்டுல யார் யார் இருக்காங்க"ன்னு டீச்சர் கேட்டதுக்கு "பாட்டி, அம்மா, பூனை. அப்பா ஞாயித்துக்கிழமை வருவார்"னு சொல்லியிருக்கா. நான் கிளம்பும்போதும் தூங்குறா, வரும்போதும் தூங்குறா.

சொந்த வீடு. அம்மாவுக்கு முட்டி வலி, இந்தத் தெருவை விட்டு அவங்க வரமாட்டாங்க. ட்ரெயினுக்கு மாறலாமா? வீட்டை மாத்தணுமா? இல்ல வேலையையே விட்டுடவா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பல்லாவரம்85 (திங்கள், இரவு 11.20)

வீட்டை மாத்துங்க. நான் வேற பதில் சொல்லமாட்டேன்.

ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம்னா, மாசம் 22 நாளைக்கு 110 மணி நேரம். முழுசா நாலரை நாள். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா அம்பது நாளுக்கு மேல ரோட்டுல இருப்பீங்க. கூடுதலா வர்ற சம்பளத்தை இந்த 110 மணியால வகுத்துப் பாருங்க, உங்க நேரத்தை எவ்வளவு மலிவா விக்கிறீங்கன்னு தெரியும்.

நான் ஏழு வருஷம் மதுராந்தகத்துல இருந்து கிண்டிக்கு வந்துட்டு இருந்தேன். பல்லாவரத்துல வாடகைக்கு வந்த முதல் வாரமே சாயந்திரம் ஆறரை மணிக்கு வீட்டு வாசல்ல நின்னேன். வெளிச்சம் இருந்துச்சு. அடுத்து என்ன பண்றதுன்னே தெரியல.

சீசன்_அக்கா (செவ்வாய், காலை 7.05)

தம்பி, முதல்ல பைக்கை நிறுத்துங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே. கண்ணு ஒரு தடவை மூடிடுச்சுன்னா உடம்பு தன் கணக்கைச் சொல்லிடுச்சுன்னு அர்த்தம். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். வீட்டுலயும் சொல்லிடுங்க.

நான் அரக்கோணம். 17 வருஷமா பாரிமுனைல வேலை. அரக்கோணத்துல இருந்து சென்ட்ரல் 69 கிலோமீட்டர், உங்க ஊருல இருந்து 42தான். எங்க மகளிர் பெட்டில பாதிப் பேர் உங்களைவிட தூரம். யாரும் சாகசம் பண்ணிட்டு இல்ல, ஒரு ஒழுங்குல ஓடிட்டு இருக்கோம், அவ்வளவுதான். இதையும் வண்டில உக்காந்துதான் டைப் பண்றேன். புட்லூர் தாண்டிடுச்சு.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, யூனிட்ல சென்ட்ரல் வந்து, மூர் மார்க்கெட் பக்கம் இறங்கி, சுரங்கப்பாதைல ரோட்டைக் கடந்து, பார்க் டவுன்ல பறக்கும் ரயில் (மேம்பாலத்துல ஓடுற லோக்கல் ரயில்) பிடிச்சு திருவான்மியூர். இன்னொண்ணு, பீச் ஸ்டேஷனுக்குப் போற வண்டியா பார்த்து ஏறுறது. அது பேசின் பிரிட்ஜ் பக்கம் போகாம வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியா பீச் போயிடும். பறக்கும் ரயில் பீச்சுலதான் கிளம்புது, அதனால அங்க ஏறினா உக்கார இடம் கிடைக்கும். பார்க் டவுன்ல ஏறினா நின்னுட்டுதான் போகணும். பீச் வண்டிங்க கம்மி, அதனால உங்க நேரத்துக்கு எது வருதுன்னு ஒரு வாரம் பார்த்து வச்சுக்குங்க.

2023 ஆகஸ்ட் கடைசில நாலாவது பாதை வேலைக்காக பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல பறக்கும் ரயிலை நிறுத்தினாங்க. திரும்ப ஓடினது 2024 அக்டோபர் 29. அந்தப் பதினாலு மாசமும் திருவான்மியூர் போற எங்க தோழிங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். பீச்ல இறங்கி பஸ் ஏறி சிந்தாதிரிப்பேட்டை போய் மறுபடி ரயில். ஒரு மாற்றம் கூடினா மனசு எவ்வளவு சோர்ந்துபோகும்னு அப்பதான் பார்த்தேன். கிலோமீட்டர் அதேதான். அதுலயே ரெண்டு பேர் வேலையை விட்டுட்டாங்க.

சீசன் டிக்கெட் எடுக்கும்போது மூணு மாசத்துக்கு எடுங்க. மாச சீசனைப் போல 2.7 மடங்குதான். காசு மிச்சங்கிறதைவிட, மாசா மாசம் தேதி ஞாபகம் வச்சுக்கற தொல்லை இல்லை. 2025 ஜூலைல ரயில் கட்டணம் ஏத்தினப்பகூட சீசனைத் தொடல.

இதைப் பொம்பளைங்களுக்கும், சர்க்கரை இருக்கிற ஆம்பளைங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். யூனிட்ல கழிவறை கிடையாது. அதனால எங்க பெட்டில பலபேர் காலையில தண்ணியே குடிக்கமாட்டாங்க. நானும் ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ரெண்டு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து, ரெண்டாவது தடவை காய்ச்சல்ல ஆஸ்பத்திரில படுத்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. இப்ப கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தண்ணி குடிச்சு முடிச்சுடுவேன். வண்டில வாய் நனைக்க ரெண்டு மடக்கு. ஆபீஸ் போனதும் முதல் வேலை ஒரு பாட்டில் தண்ணி. வழியில எந்த ஸ்டேஷன்ல கழிவறை திறந்திருக்கும்னும் தெரிஞ்சு வச்சிருக்கேன்.

சாயந்திரம் வண்டில என்ன நடக்கும்னு உங்க மனைவிகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க. வில்லிவாக்கம் தாண்டினதும் ஒருத்தி பைல இருந்து பூண்டை எடுப்பா. மடியில நியூஸ்பேப்பர் விரிச்சு, எதிர்ல இருக்கிறவங்களுக்கும் ஒரு கைப்பிடி கொடுப்பா. பேசிக்கிட்டே உரிப்போம். ஆவடி வரும்போது கால் கிலோ உரிஞ்சிருக்கும். கீரை ஆயறது, வெங்காயம் உரிக்கறது, பூக்கட்டறது எல்லாம் உண்டு. வீட்டுக்குப் போனா அடுப்பைப் பத்தவைக்க வேண்டியதுதான். யாராவது மூணு நாள் வரலைன்னா போன் போட்டுக் கேட்போம். என் மகள் கல்யாணத்துக்கு முதல் வரிசைல உக்காந்திருந்தவங்க எங்க பெட்டிக்காரங்கதான்.

மணவாளநகர்_வாசி (செவ்வாய், இரவு 10.15)

அக்கா, நேத்து ராத்திரியே மனைவிகிட்ட சொல்லிட்டேன். அழுதுட்டாங்க. சாவியை வாங்கி பீரோல வச்சுட்டாங்க. இன்னைக்கு லீவு போட்டேன். நாளையில இருந்து ட்ரெயின்தான்.

ஒரே பயம், வண்டி லேட் ஆனா என்ன பண்றது? பைக்னா என் கையில இருக்கு. ட்ரெயின்ல ஒண்ணு தப்பினா மூணும் தப்புமே? புது ஆபீஸ்ல எட்டரைக்கு மேல போனா பதில் சொல்லணும்.

பாலாற்றங்கரை (செவ்வாய், இரவு 11.40)

நண்பரே, நான் காட்பாடியிலிருந்து சென்னைக்கு 12 ஆண்டுகளாகப் போய் வருகிறேன். 130 கிலோமீட்டர். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைக்கும் கொடுப்பதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ். அதில் ஜோலார்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் ஆட்கள் நிறையப் பேர் தினமும் வருகிறார்கள்.

நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. என் அனுபவத்தில் மனுஷனைத் தின்பது நீண்ட பயணத்தைவிட, எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாத பயணம். ரெண்டரை மணி நேரம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு நாள் ரெண்டு, மறுநாள் மூணே கால் என்றால் பழகவே பழகாது. வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதும் மனசு ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் எட்டரைக்கு ஆபீஸ் என்றால் எட்டு மணிக்குச் சேரும் வண்டிதான் உங்கள் வண்டி. பேசின் பிரிட்ஜ் வெளியே சிக்னலுக்கு நிற்பது நம் பாதையில் வழக்கம். அந்தப் பத்து நிமிஷத்தையும் பயண நேரத்திலேயே சேர்த்துவிடுங்கள். நிற்காத நாளில் லாபம். மாறும் இடங்களில் ஒருநாளும் ஓடாதீர்கள். ஓடித்தான் பிடிக்க வேண்டும் என்றால் அது உங்கள் வண்டி இல்லை, அடுத்ததுதான் உங்களுடையது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை ஸ்டேஷனில் படியில் தொங்கி வந்தவர்கள் பக்கத்திலிருந்த கான்கிரீட் சுவரில் மோதி விழுந்தார்கள். வழக்கமான பாதையில் போகாமல் விரைவுப் பாதையில் திருப்பிவிட்ட வண்டி அது. உயிர்கள் போயின. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். அடுத்த வண்டிக்குக் காத்திருந்திருந்தால் ஆபீஸில் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். படிக்கட்டில் நிற்கும் பையன் யாராக இருந்தாலும் நான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவேன். முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

இயன்முறை_சேலையூர் (புதன், மதியம் 1.30)

பிசியோதெரபிஸ்டா சொல்றேன். என்கிட்ட வர்ற முதுகு வலி, கழுத்து வலிக்காரங்கள்ல பாதிப் பேர்கிட்ட நான் முதல்ல கேட்கிறது "எவ்வளவு தூரம் போய் வர்றீங்க"ங்கிறதுதான்.

வண்டில உக்காந்து தூங்குங்க, தப்பில்ல. ஆனா தலை முன்னாடி தொங்காம இருக்கணும். ஜன்னலோரமா சாய்ஞ்சுக்கலாம், இல்ல ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கலாம். பையை முதுகுல மாட்டிட்டு சீட் நுனில உக்காராதீங்க, மடிக்கு வந்துடணும். பின் பாக்கெட்ல பர்ஸ் வச்சுட்டு ஒரு மணி நேரம் உக்கார்றது இடுப்பை ஒரு பக்கமாச் சாய்ச்சிடும். இதைச் சொன்னா பலபேர் நம்பமாட்டாங்க, எடுத்து வச்சுட்டு ரெண்டு வாரம் கழிச்சு வந்து சொல்வாங்க.

வண்டித் தூக்கத்தை ராத்திரித் தூக்கத்தோட கணக்குல சேர்க்காதீங்க. பெரியவங்களுக்கு ராத்திரி ஏழு மணி நேரமாவது வேணும். நாலரைக்கு எழுந்திரிக்கணும்னா ஒன்பதரைக்குப் படுக்கணும். பதினொன்றே முக்காலுக்கு எழுதிட்டு இருக்கிற காட்பாடி அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

டோம்பிவிலி_தமிழன் (புதன், மாலை 6.10)

மும்பையில இருந்து எழுதுறேன். 22 வருஷமா டோம்பிவிலி டூ சிஎஸ்எம்டி (மும்பையோட பெரிய டெர்மினஸ்). இங்க மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளுக்கு நுனில இடம் விடணும், அது எழுதாத சட்டம். பாதி வழில உக்காந்தவங்க எழுந்து நிக்கிறவங்களை உக்கார வைப்பாங்க. எங்க குரூப்ல பதினோரு பேர், ஒரே பெட்டி, ஒரே கதவு. எனக்கு வண்டில நெஞ்சு வலி வந்தப்ப தாதர்ல இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவங்க அவங்கதான், வீட்டுக்குத் தகவல் போறதுக்கு முன்னாடியே. 2025 ஜூன்ல மும்ப்ரா பக்கம் கதவுல நின்னவங்க விழுந்து செத்தாங்க. அன்னைக்கு எங்க பதினோரு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்கிட்டோம். தினமும் ஒரே பெட்டில ஏறுங்க தம்பி. முகம் பழகணும்.

வீட்டிலிருந்து (புதன், இரவு 9.00)

இங்க எழுதுற எல்லாரும் பயணம் பண்றவங்க. நான் பயணம் பண்றவரோட மனைவி. கணவர் வாலாஜா ரோட்டிலிருந்து அண்ணா சாலைக்குப் போறார்.

அவர் ஆறு மணி வண்டிக்குப் போகணும்னா நான் நாலு மணிக்கு எழுந்திரிக்கணும். டிபன், மதியச் சாப்பாடு, பசங்களுக்குத் தனியா. அவருக்காவது வண்டில ஒன்றரை மணி நேரம் தூக்கம் இருக்கு. எட்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் உக்காந்து பேசினோம். மதியச் சாப்பாடு ஆபீஸ் கேன்டீன்ல, இட்லி மாவை முதல் நாள் ராத்திரியே அவர் எடுத்து வைக்கணும், காலை காபி அவரே போட்டுக்கணும். இப்ப அஞ்சேகாலுக்கு எழுந்திரிக்கிறேன். அந்த ஒன்றேகால் மணி நேரத் தூக்கம் எனக்கு எவ்வளவு பெரிசுன்னு அவருக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்துச்சு.

இன்னொண்ணு. அவர் வந்ததும் கரன்ட் பில், ஸ்கூல் ஃபீஸ்னு நான் ஆரம்பிச்சுடுவேன், தினமும் சண்டை. இப்ப வந்து குளிச்சு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசுறதில்லைன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கோம். பேச வேண்டியதை அவர் வண்டில வரும்போதே போன்ல பேசிடுவோம். தம்பி, உங்க மனைவிகிட்டயும் அவங்க எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறாங்கன்னு கேளுங்க.

பல்லாவரம்85 (புதன், இரவு 10.05)

மேலே எழுதினவங்க சொன்னதைப் படிச்சேன். நான் மதுராந்தகத்துல இருந்தப்போ என் மனைவி எத்தனை மணிக்கு எழுந்தாங்கன்னு இப்ப யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகமே இல்லை.

என் கருத்து மாறல. பொண்ணு ஒண்ணாவது போறதுக்குள்ள ஒரு முடிவு எடுங்க, அதுக்கப்புறம் ஸ்கூல் மாத்துறது கஷ்டம். ஆனா ஒண்ணை மறைக்கக் கூடாது. நான் வீடு மாறினப்ப அப்பாவும் அம்மாவும் ஊருலயே இருந்துட்டாங்க. அப்பாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கவாதம் வந்தப்ப நான் பல்லாவரத்துல இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போனார். அம்மாவை விட்டுட்டு மாறுறதா இருந்தா அதையும் கணக்குல சேருங்க.

கந்தன்சாவடி_நிறுத்தம் (வியாழன், காலை 8.50)

நான் அந்தப் பக்கம்தான் வேலை, அதனால கடைசித் துண்டை மட்டும் சொல்றேன். திருவான்மியூர் ஸ்டேஷன்ல இறங்கினா டைடல் பார்க் எதிர்ல. அங்க இருந்து எஸ்ஆர்பி டூல்ஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்ச தூரம் நடந்துட்டா ஓஎம்ஆர்ல போற பஸ் எல்லாம் கிடைக்கும். தினம் டிக்கெட் எடுக்காதீங்க, ஆயிரம் ரூபா மாதப் பாஸ் வாங்கிடுங்க. ஏசி பஸ் தவிர மத்ததுல எல்லாம் ஏறலாம். பாஸ் கையில இருந்தா எந்த பஸ் முதல்ல வருதோ அதுல ஏறிடுவோம், யோசனையே வேண்டாம்.

அதைவிட முக்கியம் நேரம். காலையில எட்டு மணிக்கு முன்னாடி ஓஎம்ஆர் வேற ரோடு, ஒன்பது மணிக்கு வேற ரோடு. சாயந்திரம் அஞ்சுக்கும் ஆறரைக்கும் அதே வித்தியாசம். எட்டு டூ அஞ்சு ஷிஃப்ட் கேளுங்க. வாரத்துல ஒரு நாள் வீட்டுல இருந்து வேலை செய்யவும் கேளுங்க, அதை புதன்கிழமையா கேளுங்க. திங்கள், வெள்ளி கேட்டா லீவு மாதிரி நினைச்சுப்பாங்க. புதன் கிடைச்சா ரெண்டு நாளுக்கு மேல தொடர்ந்து அலைய வேண்டாம். வாயால கேட்காதீங்க, மெயில்ல கேளுங்க, தூரத்தைக் குறிப்பிட்டு.

மணவாளநகர்_வாசி (ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30)

எல்லாருக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கு.

வேலையை விடல, வீட்டையும் மாத்தல. காலையில அஞ்சே முக்கால் வாக்குல யூனிட். சென்ட்ரல் வழிதான் எனக்கு ஒத்துவந்துச்சு, அந்த நேரத்துக்கு பீச் வண்டி அமையல. எட்டு மணிக்கு ஆபீஸ். எட்டு டூ அஞ்சு கேட்டு மெயில் போட்டேன், முதல்ல பதிலே வரல. ரெண்டாவது மெயில்ல பைக்ல கண் மூடினதையும் எழுதினேன், மறுநாளே ஒத்துக்கிட்டாங்க. புதன்கிழமை வீட்டுல இருந்து வேலை மட்டும் இன்னும் கிடைக்கல. மாசம் ரெண்டு நாள்னு சொல்லியிருக்காங்க.

நேரத்தைக் கணக்குப் போட்டா பெரிசா குறையல. இப்பவும் ஒரு பக்கம் ரெண்டேகால், ரெண்டரை மணி நேரம்தான். ஆனா பைக்ல போன ரெண்டரை மணி நேரம் எனக்கு எதுக்கும் உதவல, இது உதவுது. காலையில திருநின்றவூர் வர்றதுக்குள்ள தூங்கிடுறேன், வில்லிவாக்கத்துல தானா முழிப்பு வருது. சாயந்திரம் ஆபீஸ் மெயில் எல்லாம் வண்டிலயே முடிச்சுடுறேன். இன்ஜின்ல இருந்து மூணாவது பெட்டி, ரெண்டாவது கதவு. நாலு பேர் பழக்கம் ஆகியிருக்காங்க. போன வாரம் எனக்குக் காய்ச்சல்னு வரல, "என்னப்பா ஆச்சு"ன்னு ஒருத்தர் போன் பண்ணிட்டார். நம்பர் எப்பக் கொடுத்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

கஷ்டமே இல்லன்னு சொல்லமாட்டேன். மழை பெஞ்ச அன்னைக்கு வீட்டுக்கு வர பத்து மணி ஆச்சு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கால் ரெண்டும் கனக்குது. பல்லாவரம் அண்ணன் சொன்ன மாதிரி ஒண்ணாவது சேர்க்கிறதுக்கு முன்னாடி உக்காந்து பேசணும்னு மனைவியும் நானும் தேதி குறிச்சிருக்கோம். அவங்க எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறாங்கன்னு கேட்டேன். நாலேகால். மதியச் சாப்பாடு இப்ப கேன்டீன்ல.

பெரும்பாலும் ஏழே முக்காலுக்கு வீட்டுல இருக்கேன். பொண்ணு முழிச்சிருக்கா. சாப்பிட்டு முடிச்சதும் மடியில ஏறி உக்காந்து "ட்ரெயின் சொல்லு"ம்பா. திருவள்ளூர்ல ஆரம்பிச்சு ஸ்டேஷன் பேரை வரிசையாச் சொல்லணும், அவ பின்னாடியே சொல்வா. இப்ப அவளே புட்லூர், செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, திருநின்றவூர், நேமிலிச்சேரி வரைக்கும் சொல்றா. அதுக்கப்புறம் நேரா ஆவடிக்குத் தாவிடுறா.

சீசன்_அக்கா (ஞாயிறு, மாலை 5.10)

நேமிலிச்சேரிக்கு அப்புறம் பட்டாபிராம், அதுக்கப்புறம் இந்து காலேஜ், அப்புறம்தான் ஆவடின்னு சொல்லுங்க. அம்பத்தூருக்கு முன்னாடி திருமுல்லைவாயல் வரும், குழந்தைங்க அதையும் விட்டுடுவாங்க.